மயூர் விஹாரிலிருந்து ஒரு வால்மீன்

மயூர் விஹார் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வால்மீனோ சூப்பர்நோவாவோ கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, மயூர் விஹார், டெல்லி

வால்மீன் முடியும், அதற்குத் தொலைநோக்கியே வேண்டாம்! சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இதுவரை 5,000-க்கும் மேற்பட்ட வால்மீன்கள் சிக்கியிருக்கின்றன. கண்டவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற ஆர்வலர்கள். அடுத்தடுத்த படங்களில் சீராக நகரும் புள்ளி தெரிந்தால், நாசா ஆதரவுடன் நடக்கும் 'சன்கிரேசர்' திட்டத்துக்கு எழுதுங்கள். காவலூர் வானாய்வகத்துக்குப் பெயர் தந்த வானியலாளர் வைணு பாப்புவும் 1949-இல், ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, புகைப்படத் தகட்டில்தான் தன் வால்மீனைக் கண்டார்.

சூப்பர்நோவா வேட்டைக்கு டெல்லி வெளிச்சம் இடம் தராது. லடாக்கின் ஹன்லே போன்ற இருண்ட வானம் வேண்டும். பிரகாசமான வால்மீன் வரும்போது அதைக் கண்டு ரசிக்க மட்டும் மாடியில் 10×50 பைனாகுலர் போதும். மழை ஓய்ந்து, புகைமூட்டம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களே உங்களுக்குத் தோது.