நம்பிக்கைதான் ஆயுதம்

கேள்வி: உளவு நாவல்களில் யாரும் யாரையும் நம்புவதில்லை. பிறகு நட்பும் காதலும் அங்கே எதற்கு? வெறும் ஊறுகாய்தானா?

பதில்: ஊறுகாய் இல்லை, சோறே அதுதான்! ஜான் லெ காரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1974) நாவலைப் பாருங்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் ஒரு சோவியத் கையாள். அவனை அதே துறையின் அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலி மோப்பம் பிடித்துவிடுவாரோ என்று மாஸ்கோவின் உளவுத் தலைவன் கார்லாவுக்குக் கவலை. ஸ்மைலியின் மனைவியோடு உறவு வைத்துக்கொள்ளும்படி கையாளுக்கு உத்தரவிடுகிறான். இனி ஸ்மைலி அவனைச் சந்தேகித்தால், 'பொறாமையில் பேசுகிறார்' என்பார்கள். அவருக்கே தன் சந்தேகத்தின் மேல் சந்தேகம் வரும்.

துறையின் விதிகளும் கைகொடுப்பதில்லை. தேவையானவருக்கு மட்டுமே தகவல் என்ற கட்டுப்பாடு, ரகசியத்தோடு சேர்த்துத் துரோகியையும் காப்பாற்றுகிறது.

இது முழுக்கக் கற்பனையும் அல்ல. லெ காரே உளவுத்துறையில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் இருந்தே சோவியத்துக்கு வேலை பார்த்த கிம் ஃபில்பி 1963-இல் மாஸ்கோவுக்கு ஓடினார். அதற்குச் சற்று முன் அவரை பெய்ரூட்டில் விசாரிக்கப் போனவர், அவருடைய நெடுநாள் நண்பரும் சக அதிகாரியுமான நிக்கோலஸ் எலியட்.

'ஸ்மைலி'ஸ் பீப்பிள்' (1979) நாவலையும் படியுங்கள். கார்லா தன் மகள் மீது வைத்த பாசத்தைக் கொண்டே அவனை மடக்குகிறார் ஸ்மைலி. எதிரியின் வழியிலேயே ஜெயித்தவரை நல்லவர் என்பதா என்று நாவல் தீர்ப்பு சொல்வதில்லை. அதை உங்களிடம் விட்டுவிடுகிறது.