ஒரு கிணறும் மூன்று ஆய்வுகளும்

க.பொ.த (சாதாரண தரம்) – விஞ்ஞானம், சுகாதாரம், வரலாறு ஆகிய பாடங்களுக்குப் பொதுவான வாசிப்பும் பயிற்சியும்

மாணவர்களே, “ஆய்வு” என்ற சொல்லைக் கேட்டதும் உங்களிற் பலருக்குச் சோதனைக் குழாயும் வெள்ளை மேலங்கியும் நினைவுக்கு வரும். அது ஆய்வின் ஒரு முகம் மட்டுமே. பழைய காணி உறுதியை வாசிப்பவரும், நோயாளிகளின் விபரங்களைத் தொகுப்பவரும் ஆய்வாளரே. இவர்கள் கேட்கும் வினாக்களும் ஏற்றுக்கொள்ளும் சான்றுகளும் வேறுபட்டவை. எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை நமக்குப் பழக்கமான ஒரு பொருளைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

கொழும்புத்துறை யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கரையில், பாஷையூரையும் அரியாலையையும் அயலாகக் கொண்டுள்ள ஊர். பூநகரிக்குத் தோணிகள் போய்வந்த துறை அது. அங்கே கரையிலிருந்து சற்று உள்ளே, வீட்டு வளவு ஒன்றில் ஒரு கிணறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாரியில் தண்ணீர் நன்றாயிருக்கும். ஆவணி, புரட்டாதியில் வாயில் வைத்தால் சவர்க்கும். வீட்டுக்காரர் சொல்கிறார்: “இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும்.” வெடி வைத்துக் கல்லுடைக்கப் பணமும் சேர்த்துவிட்டார். அவர் நினைப்பது சரியா?

1. விஞ்ஞான ஆய்வு: அளக்கக்கூடிய வினா

“தண்ணீர் ஏன் கெட்டுப்போயிற்று?” என்பது நல்ல கவலை, ஆனால் ஆய்வு வினா அன்று. எதை அளப்பது என்பது அதிலே இல்லை. அதனை இவ்வாறு மாற்றலாம்: “கிணற்றின் நீர்மட்டம் தாழும்போது நீரின் உவர்த்தன்மை கூடுகின்றதா?” இப்போது சாராமாறி நீர்மட்டம், சார்ந்தமாறி உவர்த்தன்மை. உவர்த்தன்மையை நாக்கால் அளக்க முடியாது. நீரிற் கரைந்துள்ள அயன்கள் கூடக்கூட மின்கடத்துதிறன் கூடும் என்பதால் அதனையே அளக்கின்றனர். மாதிரியை ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் எடுத்தல் வேண்டும். காலையில் மேல்நீரையும், பம்பு இரண்டு மணித்தியாலம் ஓடியபின் அடிநீரையும் எடுத்து ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல.

இனிப் பின்னணியைக் கவனியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு பெரும்பாலும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைப்பது. இந்த மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழே ஊடுருவியுள்ள கடல்நீரின் மேல் மிதக்கின்றது. நடுவிற் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருப்பதால் இதனை “நன்னீர் வில்லை” என்பர்.

ஏன் மிதக்கின்றது? நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 (கிராம்/கன சென்ரிமீற்றர்). இதனை அடிப்படையாகக் கொண்டு ஒல்லாந்தரான கைபன் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் ஒரே தொடர்பைத் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீரின் உயரத்தைப் போல் 40 மடங்கு ஆழத்துக்கு, கடல்மட்டத்துக்குக் கீழே நன்னீர் இருக்கும்.

1.000 ÷ (1.025 – 1.000) = 40

மாரி முடிவில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 0.50 மீற்றர் எனின், கீழே 20 மீற்றர் வரை நன்னீர். கோடையில் அது 0.30 மீற்றராகத் தாழ்ந்தால், கீழே 12 மீற்றர் மட்டுமே. மேலே இறங்கியது ஒரு சாண் அளவு. கீழே ஏறிய உவர்நீரோ 8 மீற்றர். கிணற்றை ஆழமாக்குபவர் நன்னீரைத் தேடிப் போகவில்லை, உவர்நீரை எதிர்கொண்டு போகின்றார். பெரிய பம்பு போட்டு விரைவாக இறைத்தால் உவர்நீர் கிணற்றுக்கு நேர்கீழே கூம்புபோல் மேலெழும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இவ்வேகத்தில் நீர் எடுக்க இயலாது என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் இந்த 40 என்ற எண்ணை வேதவாக்காகக் கொள்ளக்கூடாது. சீரான பாறையில், அசைவற்ற நிலையில் நீர் சமநிலை அடைந்திருப்பதாகக் கொண்டே இது பெறப்பட்டது. நமது சுண்ணாம்புக்கல்லில் குகைகளும் வெடிப்புகளும் உண்டு. மட்டம் தாழ்ந்த அன்றே உவர்நீர் ஏறிவிடுவதுமில்லை. சுற்றுலாவில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். அடியற்றது, இராமர் அம்பெய்து உண்டானது என்று கதை சொல்வர். அங்கும் மேலே நன்னீர், ஆழம் செல்லச் செல்ல உவர்நீர். கதையை ஆய்வாளர் கேலி செய்வதில்லை. கயிற்றை விட்டு அளந்து பார்ப்பார்.

2. மருத்துவ ஆய்வு: யாருக்கு, எவ்வளவு?

உப்பு நாக்குக்குத் தெரியும். நைத்திரேற்று தெரியாது. செம்மண் தோட்டங்களிற் புகையிலை, வெங்காயம், மிளகாய் போன்ற பயிர்களுக்கு இடும் யூரியாவும் சாணஎருவும் ஒரு மூலம். வளவுக்குள் கிணற்றுக்குக் கிட்ட அமைந்த மலசலகூடக் குழி இன்னொரு மூலம். குடாநாட்டின் தரைக்கீழ் நீரில் நைத்திரேற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிப் பெறுமானம்.

(இங்கே ஒரு பொறி உண்டு. சில அறிக்கைகள் நைத்திரேற்றை முழு அயனாகக் கணக்கிடும். சில அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிடும். நைத்திரேற்று அயனின் திணிவு 62, அதில் நைதரசன் 14. ஆகவே ஓர் அறிக்கையில் 50 என்றும் மற்றதில் 11 என்றும் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பதறுபவர்கள் பெரியவர்களிலும் உளர்.)

50 என்ற எல்லை எங்கிருந்து வந்தது? 1945 இல் அமெரிக்காவின் அயோவாவில், கொம்லி என்ற மருத்துவர் உடல் நீலம்பாரித்த கைக்குழந்தைகளைக் கண்டார். இருதய நோயெனத் தோன்றியது. ஆனால் இருதயத்தில் குறையில்லை. பால்மாவைக் கரைத்த நீர் எங்கிருந்து எடுத்தது என விசாரித்தார், வீட்டுக் கிணற்றிலிருந்து. அதில் நைத்திரேற்று மிக அதிகமாயிருந்தது. குழந்தையின் உணவுக்கால்வாயில் பற்றீரியங்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக்க, அது ஈமோகுளோபினின் இரும்பை ஒட்சியேற்றி, ஒட்சிசனைக் காவமுடியாத மெதமோகுளோபினாக மாற்றுகின்றது. ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்படுவர். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த அபாயம் மிகக் குறைவு.

இதிலே வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டிய ஒன்று உண்டு. “கொதிக்க வைத்தால் எல்லாம் சரி” என்பது கிருமிகளுக்குப் பொருந்தும், நைத்திரேற்றுக்குப் பொருந்தாது. நீர் ஆவியாகிக் குறையும்போது எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடுகின்றது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அக்கறையோடு அதிக நேரம் கொதிக்கவைத்த நீரே தீங்காக முடியலாம்.

அடுத்து, கடினமான இடம். “நைத்திரேற்றினாற் புற்றுநோய் வரும்” என்று நம்மூரில் உறுதியாகச் சொல்வர். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010 இல் வெளியிட்ட தொகுதியில், உடலுக்குள் நைத்திரசோச் சேர்வைகள் உண்டாகும் நிலைமைகளில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றை, மனிதருக்குப் புற்றுநோயை “அநேகமாக ஏற்படுத்தக்கூடியது” என்ற தரத்தில் வைத்தது. நிச்சயம் என்ற தரத்தில் அன்று. ஓர் ஊரில் நைத்திரேற்றும் கூட, களப்புற்றுநோயும் கூட என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதற்குக் காரணமெனச் சொல்லலாமா? அவ்வூரில் வெற்றிலையோடு புகையிலை சேர்த்துச் சப்புவோரும் அதிகமாயிருக்கலாம். அப்பழக்கம் வாய், களம் ஆகியவற்றிற் புற்றுநோயை உண்டாக்குவது நிரூபிக்கப்பட்டது. இவ்வாறு இடையில் நின்று முடிவைக் குழப்பும் மாறியைக் “குழப்பும் காரணி” எனலாம். புகையிலை சப்பாதவர்களை மட்டும் பிரித்து, நைத்திரேற்றுக் கூடிய நீரையும் குறைந்த நீரையும் குடித்தோரை ஒப்பிட்டாலன்றி விடை தெளியாது.

இன்னொரு வேறுபாடு: உவர்நீரை ஆராய்பவர் விரும்பியபடி கிணற்றில் நீரை இறைத்துப் பார்க்கலாம். குழந்தைக்கு நைத்திரேற்றைக் கொடுத்துப் பார்க்க முடியுமா? முடியாது. ஆகவே மருத்துவ ஆய்வு பெரும்பாலும் ஏற்கெனவே நடந்ததைக் கவனமாகத் தொகுப்பதாகவே அமைகின்றது. நோயாளியின் சம்மதமும், பெயரை வெளியிடாமையும் கட்டாயம்.

இவற்றையெல்லாம் தமிழில் எழுதமுடியுமா என்று கேட்பவருக்கு: 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மாணவர்களோடு சேர்ந்து உடற்கூற்று நூல்களையும் மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார்.

3. மனிதப் பண்பியல் ஆய்வு: இது யாருடைய கிணறு?

வரலாற்று மாணவர் அதே கிணற்றின் கட்டில் நின்று வேறு வினா கேட்பார். இதனை வெட்டியவர் யார்? யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது? முன்பும் இது சவர்த்ததா?

முதற் சான்று காணி உறுதி. யாழ்ப்பாண உறுதிகளிற் காணியின் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். இப்பங்குரிமையின் பின்னால் தேசவழமைச் சட்டம் நிற்கின்றது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வூர் வழக்கங்களைத் தொகுத்து 1707 இல் கையளித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் வாசித்துச் சரியென ஒப்புதல் அளித்தனர். இன்று ஆய்விதழ்கள் கட்டுரையைத் துறைசார்ந்தோரிடம் அனுப்பிக் கருத்துப் பெறுகின்றனவே, ஏறத்தாழ அது போன்ற ஒன்று.

ஆனால் நல்ல ஆய்வாளர் இங்கே நின்றுவிடமாட்டார். அந்தப் பன்னிருவரும் யார்? சொத்தும் பதவியும் உடையவர்கள். தேசவழமை அடிமைகளைப் பற்றியும் பேசுகின்றது; ஒப்புதல் தந்தோரில் அடிமை எவருமில்லை. ஒரு மூலத்தை வாசிக்கும்போது அது சொல்வதை மட்டுமன்றி, யாரிடம் கேட்கப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாதியின் பெயரால் கிணற்றில் அள்ள விடப்படாமல், யாராவது ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற மக்கள் இக்குடாநாட்டில் இருந்தனர். அவர்கள் நின்ற நேரம் எந்த உறுதியிலும் பதியப்படவில்லை. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இவ்விதத் தடைகளைக் குற்றமாக்கியது. அதற்கு முன்னிருந்த நிலையை அறிய வாய்மொழி வரலாறே பெரும் துணை: முதியவர்களிடம் போய் அமர்ந்து, கேட்டு, பதிவுசெய்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிடுதல்.

இது அவசரமான வேலையுமாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. உவர்நீர் அடுத்த கோடையிலும் வரும், மறுபடி அளக்கலாம். எரிந்த ஏட்டை மறுபடி வாசிக்க முடியாது.

4. ஆய்வுகள் முரண்படும்போது

சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். 2013–2014 இல் நீர் வழங்கல் சபை மாதிரிகளைச் சோதித்து, பல கிணறுகளில் எண்ணெய் அளவுமீறி இருப்பதாகக் கண்டது. பின்னர் மாகாணசபை அமைத்த நிபுணர் குழு அபாயமான மாசு இல்லையென்றது. மக்கள் எதை நம்புவது? வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 இல், மின்நிலையத்தாலேயே நீர் மாசுபட்டதென நீதிமன்றம் கண்டு, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது.

இரண்டு அறிக்கைகள் மோதும்போது “ஒருவர் பொய் சொல்கிறார்” என்று தொடங்காதீர்கள். எந்தக் கிணறுகள்? மழைக்கு முன்னா, பின்னா? எந்தப் பதார்த்தத்தைத் தேடினர்? எண்ணெய் மிதக்கும், ஆகவே மாதிரி மேலிருந்து எடுக்கப்பட்டதா? செலவை ஏற்றவர் யார்? இவ்வளவும் கேட்டபின் ஐயம் மிஞ்சினால் அது நியாயமான ஐயம்.

5. பரீட்சைக்கு

வினா: “கரையோரக் கிணறொன்றை ஆழமாக்குவதால் நன்னீர் கிடைக்கும்.” இக்கூற்றைப் பரிசோதிக்க ஓர் ஆய்வைத் திட்டமிடுக.

ஒரு மாணவரின் விடை: “கிணற்று நீரை எடுத்துச் சுவைத்துப் பார்ப்பேன். உப்பாக இருந்தால் கூற்று பிழை.” இதற்குப் புள்ளி கிடைப்பது அரிது. அளவீடு இல்லை, ஒப்பீடு இல்லை, ஆழம் மாறவேயில்லை.

திருத்திய விடை: “ஒரே கிணற்றில் 1, 2, 3, 4 மீற்றர் ஆழங்களில் மூடியுள்ள போத்தலைக் கயிற்றில் இறக்கி மாதிரி எடுப்பேன். ஒவ்வொன்றினதும் மின்கடத்துதிறனை ஒரே வெப்பநிலையில் அளப்பேன். மாரியிலும் கோடையிலும் மீண்டும் செய்வேன். கரையிலிருந்து வெவ்வேறு தூரங்களிலுள்ள வேறு கிணறுகளிலும் செய்வேன். ஆழத்துடன் கடத்துதிறன் கூடினால் கூற்று ஆதரிக்கப்படவில்லை எனக் கொள்வேன்.” “பொய்யாகிவிட்டது” என்னாது “ஆதரிக்கப்படவில்லை” என்றதைக் கவனியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கரையோரக் கிணறொன்றின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 0.40 மீற்றரிலிருந்து 0.25 மீற்றராகத் தாழ்ந்தது. நன்னீர் வில்லையின் அடி எவ்வளவு உயரும்? இக்கணிப்பின் எடுகோள் இரண்டு தருக. (5 புள்ளிகள்)

2. ஓர் அறிக்கையில் நைத்திரேற்று-நைதரசன் லீற்றருக்கு 14 மில்லிகிராம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. இதனை நைத்திரேற்றாக மாற்றி, வழிகாட்டிப் பெறுமானத்தோடு ஒப்பிடுக. அந்நீரைக் கொதிக்கவைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் தாய்க்கு நீர் கூறும் ஆலோசனை யாது? (6 புள்ளிகள்)

3. தேசவழமைத் தொகுப்பை வரலாற்று மூலமாகப் பயன்படுத்துவதன் பயன் ஒன்றும் குறைபாடு ஒன்றும் எழுதுக. (4 புள்ளிகள்)

4. உமது ஊரிலுள்ள எழுபது வயதுக்கு மேற்பட்ட இருவரிடம், தம் சிறுவயதில் குடிநீர் எங்கிருந்து, யாரால் எடுத்துவரப்பட்டது எனத் தனித்தனியே கேட்டு எழுதுக. இருவர் கூற்றும் எங்கே வேறுபடுகின்றன? ஏன் வேறுபடலாம்? (10 புள்ளிகள்)