உளப்புண்ணும் அஃது ஆறும் நெறியும்

உடற்புண்ணைக் காண்பார் பலர். உளப்புண்ணைக் காண்பார் சிலரே. அப்புண்ணின் இயல்பையும் அஃது ஆறும் நெறியையும், நம் பகுதியில் நேர்ந்த ஒரு விபத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலம் அது. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் விடியற்பொழுதில், தூத்துக்குடி விரைவுவண்டி அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் வீழ்ந்தது. மாண்டோர் 140-க்கு மேற்பட்டோர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியார் பொறுப்பேற்றுப் பதவி துறந்தமை யாவரும் அறிந்ததே. மாண்டோரை எண்ணிவிடலாம்; உயிர் தப்பியோர் உள்ளத்தே சுமந்து சென்றதை எங்ஙனம் எண்ணுவது?

இத்துயரைப் பற்றிய தொடக்கக்கால ஆராய்ச்சிகளுள் ஒன்று இரயில் விபத்துக்களிலிருந்தே எழுந்தது. உடலிற் காயமின்றியும் நலிவுற்ற பயணிகளைக் கண்ட இலண்டன் அறுவை மருத்துவர் எரிக்சன், முதுகெலும்பின் அதிர்ச்சியே காரணமென 1866-இல் எழுதினார். 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்பார் அதனை மறுத்து, அச்சமே பெருங்காரணம் என்றார். முதல் உலகப்போரில் இவ்வாறு நலிந்த படைத்தலைவர்களுக்கு, ஸ்காட்லாந்தில் மருத்துவம் புரிந்தவருள் ஒருவர் ரிவர்ஸ். நம் நீலகிரித் தோடரிடையே தங்கி ஆராய்ந்து 1906-இல் நூலியற்றிய அறிஞரே இவர். துயர நினைவை அடக்க அடக்க அது வலிமை பெறும் என்றும், உற்ற துணையோடு அதனை எண்ணிப் பேசுதலே நன்றென்றும் அவர் கண்டார். இந்நோய்க்கு இன்று வழங்கும் பெயர் 1980-இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நூலில் இடம்பெற்றது.

இதன் குறிகள் நான்கு வகைப்படும். நிகழ்ந்தது கனவிலும் நனவிலும் மீண்டும் நிகழ்வதுபோல் தோன்றல். அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் விலக்கல். பிறரிடத்து அன்பு வறண்டு, தன்னையே பழித்தல். சிற்றொலிக்கும் திடுக்கிட்டு உறக்கம் இழத்தல். இவை பேரிடருக்குப் பின் சில நாள் தோன்றுதல் இயல்பே. பெரும்பாலோர்க்குத் தாமே தணியும். ஒரு திங்களுக்கு மேலும் நீடித்து வாழ்க்கையைக் குலைப்பின், அது நோயெனக் கொள்ளத்தகும்.

மருத்துவமோ நினைவை அழிப்பதன்று, கடந்ததைக் கடந்ததாக்குவது. பயிற்சி பெற்ற உளமருத்துவர் துணையுடன், நோயுற்றவர் நிகழ்ந்ததைச் சிறிது சிறிதாக உரைப்பர். அஞ்சி விலக்கிய இடங்களைப் படிப்படியாக அணுகுவர். 'என் பிழையால் நேர்ந்தது' என்னும் எண்ணத்தை ஆராய்ந்து திருத்துவர். வேண்டுமிடத்து மருந்தும் துணையாகும். பல வாரங்களில் நலமுற்றோர் பலர்.

'பயந்துபோனான்' என்று மந்திரித்துக் கயிறு கட்டுதல் ஆறுதல் தரினும், மருத்துவத்துக்கு ஈடாகாது. மாவட்ட அரசு மருத்துவமனையை நாடலாம். 14416 என்னும் எண்ணில், 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவியை இலவசமாகப் பெறலாம்.

மாணவ நண்பர்களே! நெடுஞ்சாலை விபத்திலிருந்து மீண்ட தோழன் ஒருவன் நம் வகுப்பிலேயே இருத்தல் கூடும். அவனை 'மறந்துவிடு' என்று கடிதலும் வேண்டா. 'நடந்ததைச் சொல்' என்று வற்புறுத்தலும் வேண்டா. அவன் பேசும்போது பொறுமையுடன் கேட்போம். வேண்டின் மருத்துவரிடம் உடன் செல்வோம். இவ்விரண்டும் நம்மால் இயல்வனவே.