பழைய மதிலுக்குப் பழைய சுண்ணாம்பு

உங்கள் கோவில் வளவைச் சுற்றியோ, சேமக்காலையைச் சுற்றியோ, பூட்டன் காலத்து முருகைக்கல் மதில் ஒன்று நிற்கின்றதா? அதன் ஒரு மூலை சரிந்து, பூச்சு உதிர்ந்து, இடுக்குகளில் ஆலங்கன்று முளைத்திருக்கின்றதா? அப்படியானால் இப்பாடம் உங்களுக்குரியது.

இன்று பல ஊர்களில் நடப்பது இதுதான். திருவிழா நெருங்குகின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்புகின்றார்கள். "இந்தப் பழைய மதிலைத் தள்ளிவிட்டுச் சீமெந்துக் கல்லில் நேராக ஒன்று எழுப்பினால் ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும்" என்று கொந்திராத்துக்காரர் சொல்கின்றார். கூட்டத்தில் எல்லாரும் தலையசைக்கின்றார்கள். மறுகிழமை பழைய கற்கள் உழவு இயந்திரத்தில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போகின்றன. எவரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஆனால் போன கல் திரும்பி வராது. ஏன் வராது என்பதையும், அம்மதிலை எவ்வாறு காப்பாற்றலாம் என்பதையும் சற்று ஆராய்வோம்.

கல்லின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் முழுவதும் சுண்ணாம்புக்கல். புவியியலாளர் இதனை மயோசீன் காலத்துக்குரியது என்பர். கரையோரங்களிலும் தீவுகளிலும் கிடைத்த முருகைக்கல்லும் அதே இனத்தைச் சேர்ந்ததே; கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூடு அது. இலேசானது, துளைகள் நிறைந்தது, உளிக்கு இணங்கக்கூடியது. எனவே நம் முன்னோர் வீடு, கிணறு, கோவில், மதில் எல்லாவற்றுக்கும் அதையே கையாண்டனர். 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, பின்னர் ஐங்கோண வடிவில் விரிவாக்கிய யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும், சங்கானையில் கூரையிழந்து நிற்கும் பழைய கோவிலின் சுவர்களிலும் இக்கல்லை இன்றும் காணலாம்.

முருகைக்கல்லை இனிப் புதிதாக வெட்டி எடுக்க இயலாது. கடலரிப்பைத் தடுக்கும் பொருட்டு, 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், 1988இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்துள்ளன. இது நியாயமான தடை. அலையை மறித்து ஊரைக் காப்பது அந்த முருகைக்கற்பார்தான். ஆகவே உங்கள் மதிலில் இருக்கும் கல்லே உங்களிடமுள்ள கடைசிக் கல். ஒரு வண்டிக் கல்லை வெளியே அனுப்பினால் அதற்கு ஈடாக இன்னொரு வண்டி வாங்க முடியாது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

கல்லையும் கல்லையும் சேர்த்து வைத்தது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகின்றது. தூய கல் 100 இறாத்தல் சுட்டால் மிஞ்சுவது 56 இறாத்தல். இதற்குத் தண்ணீர் காட்டினால் கொதித்துப் பொரிந்து நீறாகின்றது. அந்த நீற்றை மணலோடு சேர்த்துச் சாந்தாக்கி மதிலில் வைத்ததும், அது காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகின்றது. இதற்கு மாதங்கள் செல்லும். தடித்த மதிலின் உட்பகுதியில் வருடங்களும் செல்லும்.

இவ்வாறு மெல்ல இறுகும் சாந்துக்கு இரண்டு நற்குணங்கள் உண்டு. ஒன்று, அது கல்லைவிட மென்மையானது. நிலம் சிறிது இறங்கினால் சாந்து விட்டுக்கொடுக்கும், கல் பிளவாது. மற்றது, அது ஈரத்தை வெளியே விடும். மழையில் நனைந்த மதில் வெயிலில் அவ்விடுக்குகளின் வழியாகவே உலர்கின்றது.

சீமெந்து பகையாவது எப்படி?

சீமெந்தைக் குறை சொல்வது நமது நோக்கமன்று. 1950இல் காங்கேசன்துறையில் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோகும்வரை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. புதுக் கட்டடத்துக்குச் சீமெந்து நல்ல பொருள். பழைய முருகைக்கல்லுக்கு மாத்திரம் அது ஒவ்வாது.

காரணம் இதுதான். சீமெந்து கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை எளிதில் விடாது. இடுக்கைச் சீமெந்தால் அடைத்துவிட்டால், நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் கடற்காற்றோடு வந்த உப்பும் வெளியேற வழியின்றிக் கல்லின் வழியாகவே வெளிவரும். ஈரம் காய, உப்பு கல்லின் துளைகளுக்குள் பளிங்காக உறைந்து பருக்கும். அந்தப் பருப்பு கல்லை மாவாக உதிர்க்கும். சில வருடங்களின் பின் கல் குழிந்து, சீமெந்துக் கோடுகள் மட்டும் தேன்கூட்டின் கண்ணறைகளைப்போல் துருத்திக்கொண்டு நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காப்பாற்ற வந்த சாந்து நின்றுகொள்கின்றது; காப்பாற்றப்பட வேண்டிய கல் போய்விடுகின்றது.

பழைய மதிலில் வைக்கும் சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய வேண்டியது சாந்து. சாந்தைத் திரும்பவும் வைக்கலாம். இப்பாடத்தில் மற்றவற்றை மறந்தாலும் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்குமுன்

முதலாவதாக, அனுமதி. வரலாற்றுப் பழமையுள்ள வளவாயின், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்கு அது உட்பட்டிருக்கலாம். எனவே ஒரு கல்லையும் அசைக்குமுன் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவதாக, மதிலை நாலு பக்கத்தாலும் புகைப்படம் எடுங்கள். நீளம், உயரம், தடிப்பு, சரிவு யாவற்றையும் தூக்குநூல் பிடித்து அளந்து கொப்பியில் குறியுங்கள். திருமுழுக்குப் பதிவேட்டை எவ்வளவு கவனமாக வைத்திருக்கின்றோம்! மதிலும் ஒரு பதிவேடே. எந்தக் காலத்தில் வாசல் அடைக்கப்பட்டது, எந்தப் பக்கம் உயர்த்தப்பட்டது என்பதெல்லாம் கல்லின் அடுக்கில் தெரியும்.

மூன்றாவதாக, சரிந்ததன் காரணத்தைத் தேடுங்கள். வீதியை உயர்த்தியதால் மழைத்தண்ணீர் மதிலடியில் தேங்குகின்றதா? உட்புறத்தில் மண் குவித்து ஒரு பக்கம் பாரம் கூடியதா? அரசும் ஆலும் வேர் விட்டனவா? காரணத்தை நீக்காமல் மதிலை நிமிர்த்தினால் அடுத்த மாரியில் அது திரும்பவும் சரியும். பெரிய வேரைப் பிடுங்கி இழுக்க வேண்டாம். கல்லும் சேர்ந்து வரும். மரத்தை வெட்டி, வேரைச் சாகவிட்டு, அப்பகுதியை அவிழ்க்கும்போது எடுங்கள்.

கல்லை அடுக்கும் முறை

நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்வேலிகளைக் கண்டிருப்பீர்கள். சாந்து ஒரு துளியும் இல்லை. முருகைக்கல்லின்மேல் முருகைக்கல் அடுக்கி வைத்திருக்கின்றார்கள். காற்றுக்கும் ஆடுமாட்டுக்கும் ஈடுகொடுத்து அவை நிற்கின்றன. சாந்தில்லாக் கல்மதில் கட்டும் கலையைக் குரோசியா, சைப்பிரஸ், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, சுலோவேனியா, ஸ்பெயின், சுவிற்சலாந்து ஆகிய எட்டு நாடுகளின் மரபுச் செல்வமாக 2018இல் யுனெஸ்கோ பட்டியலிட்டது. நம் தீவகத்து முதியவர்களின் கையிலும் அதே அறிவு உண்டு. மதிலைத் தாங்குவது முதலில் அடுக்கு. சாந்து அதற்குப் படுக்கை மட்டுமே என்பதை அவ்வேலிகள் கற்பிக்கின்றன.

ஆகவே, விழுந்த பகுதியையும் விழப்போகும் பகுதியையும் மாத்திரம் அவிழ்த்து, கற்களைப் பெரியவை, நடுத்தரம், சிறியவை என வகைபிரித்து வையுங்கள். முகப்புக் கற்களுக்குச் சுண்ணக்கட்டியால் இலக்கமிடுங்கள். பெரியவை அடியில் செல்லட்டும். இரண்டு கற்கள் சந்திக்கும் இடுக்கின்மேல் அடுத்த வரிசைக் கல் படிய வேண்டும். இடுக்கின்மேல் இடுக்கு வந்தால் மதில் மேலிருந்து கீழ்வரை பிளக்கும். கல்லின் நீளம் மதிலின் உட்புறம் நோக்கிச் செல்ல வேண்டும். இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக, ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை எட்டும் நீளக்கல்லை வையுங்கள். இரு முகங்களையும் சேர்த்துப் பிடிப்பது அதுவே. நடுவிலுள்ள வெளியை மண்ணால் நிரப்பாமல், சிறு கற்களைக் கையால் ஒவ்வொன்றாக இறுக்கி வையுங்கள்.

சாந்தும் காலமும்

நன்றாக நீற்றி, தண்ணீருக்குள் சில கிழமை ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கூரான மணல் மூன்று பங்கு. இது பொதுவான அளவு. பழைய சாந்தில் ஒரு கட்டியை எடுத்துப் பார்த்து, அதன் மணலுக்கு ஒத்த மணலைத் தேடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம். அதனோடு உப்பையும் மதிலுக்குள் கொண்டுவருவீர்கள். "பலத்துக்கு ஒரு கரண்டி சீமெந்து" என்று மேசன் கேட்டாலும் இணங்காதீர்கள். தென்னிந்தியாவில் பழைய கொத்தர்கள் கடுக்காய்ச் சாற்றையும் பனைவெல்லத்தையும் சாந்தில் சேர்த்தனர். அறிந்த கை இருந்தால் ஒரு சிறு பகுதியில் செய்து பார்க்கலாம்.

நிற்கும் பகுதியில் இடுக்குகளை மட்டும் புதுப்பிப்பதாயின், உதிர்ந்த சாந்தை இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டுங்கள். மின் இயந்திரம் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். தூசி கழுவி, கல்லை ஈரமாக்கி, சாந்தை உள்ளே அழுத்துங்கள். கல்லின் முகத்தில் அப்பாதீர்கள்.

காலமும் முக்கியம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரிமழை புதுச் சாந்தைக் கரைக்கும். கச்சான் காற்று அதை இறுகுமுன்னரே காயவைத்துப் பொடியாக்கும். மாரி ஓய்ந்த தை, மாசி, பங்குனி மாதங்களே வாய்ப்பானவை. அப்பொழுதும் நனைந்த சாக்கால் மூடி, இரண்டு கிழமையாவது ஈரம் காக்க வேண்டும். ஒரு நாளில் ஓரிரு அடிக்குமேல் உயர்த்த வேண்டாம்.

மதிலின் தலையைத் தண்ணீர் இருபுறமும் வழியுமாறு குவித்து மூடுங்கள். மதிலுக்குள் மழை இறங்கும் வாசல் அதுவே. மேலே பூசுவதாயின் சுண்ணாம்பு வெள்ளையே போதும். தகரத்தில் வரும் பிளாஸ்ரிக் மை ஈரத்தை உள்ளே அடைக்கும்.

ஓர் எச்சரிக்கை: சுடுசுண்ணாம்பு கண்ணைக் குருடாக்கும். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பை இடுங்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணியுங்கள். சிறுவர்களைக் கிட்ட அண்டவிடாதீர்கள்.

எவ்வளவு திருத்துவது?

பழைய கட்டடங்களைப் பேணுவோர் 1964இல் வெனிஸ் நகரில் கூடி ஒரு சாசனம் வகுத்தனர். இழந்த பகுதியை நிரப்பும்போது அது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும்; ஆயினும் பழையது எது, புதியது எது என்று பிரித்தறியவும் கூடியதாயிருக்க வேண்டும் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. இது நேர்மையின் பாற்பட்டது. கல் போதாத இடத்தில், இடிந்த வீட்டிலிருந்தோ தூர்ந்த கிணற்றிலிருந்தோ உரிமையாளரின் சம்மதத்துடன் கிடைக்கும் கல்லைப் பயன்படுத்துங்கள். திருத்திய ஆண்டை ஒரு மூலையில் சிறிதாகப் பொறித்துவையுங்கள். வளைந்த மதிலை நூல்பிடித்து நேராக்க வேண்டியதில்லை. அசையாது நிற்கின்றதாயின் அந்த வளைவும் அதன் வயதே.

போரினால் யாழ்ப்பாணக் கோட்டை பட்ட பாடு எல்லாரும் அறிந்தது. 1706இல் அதனுள் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் 1990இல் அழிந்தது. 2009இல் போர் முடிந்தபின், நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்பொருள் திணைக்களம் கோட்டை மதில்களைத் திருத்தும் பணியில் இறங்கியது. அவ்வளவு பெரிய மதிலுக்கே பொறுமையுடன் கல்லெடுத்து வைக்கலாமாயின், நூறு முழ மதிலுக்கு நாம் பொறுமை காட்ட முடியாதா?

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, கைகள் வேண்டும். எருசலேம் மதிலைத் திருத்திய நெகேமியா, குடும்பம் குடும்பமாகப் பகுதி ஒதுக்கி, பலரை அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டவைத்தார் என்று வேதாகமம் கூறுகின்றது. அம்முறை நமக்கும் பொருந்தும். கல் பிரிப்பது இளைஞருக்கு, மணல் அரிப்பதும் சாக்கு நனைப்பதும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், அடுக்கு பார்ப்பது முதியவருக்கு என வேலையைப் பகிரலாம். சுண்ணாம்பில் வேலை செய்த மேசன்மார் இன்று சிலரே எஞ்சியிருக்கின்றனர். அவர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், இரண்டு இளைஞரை அவரோடு நிறுத்துங்கள். அவருடைய கையறிவும் முருகைக்கல்லைப்போலத்தான். போனால் திரும்பி வாங்க முடியாது.

வீட்டில் பேசுவதற்கு:

1. நம் ஊரின் மிகப் பழைய மதில் எது? அதைக் கட்டியது யார் என்று அறிந்தவர் இன்னும் இருக்கின்றாரா?

2. அம்மதிலில் எங்காவது சீமெந்து பூசப்பட்டுள்ளதா? அவ்விடத்துக் கல் இப்போது எப்படி இருக்கின்றது?

3. மாரிக்குமுன் அதனடியில் தேங்கும் தண்ணீரை வழிந்தோடச் செய்ய நம் வீட்டிலிருந்து யார் மண்வெட்டியோடு போகலாம்?