சாவித்திரி ஏன் திரும்பி வந்தாள்?

காரடையான் நோன்பன்று மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் வீடுகளில் சாவித்திரியை அறியாதவர் இல்லை. எமனோடு வாதாடிக் கணவன் உயிரை மீட்டவள். அதே பெயரை ஓர் அலுவலகப் பெண்ணுக்குச் சூட்டி, 1969-ல் தில்லி மேடையில் நிறுத்தினார் மோகன் ராகேஷ். நாடகம் 'ஆதே அதூரே'. தமிழில் 'அரையும் குறையும்' எனலாம். ஓம் சிவ்புரி இயக்கத்தில் 'திஷாந்தர்' குழு அரங்கேற்றியது. சுதா சிவ்புரி சாவித்திரியாக நடித்தார். இந்தி நாடகம் நமக்கெதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். அந்த வீடு நம் காலனி வீடுகளுக்கு அந்நியமானதல்ல என்பதே என் பதில்.

அரசரும் தெய்வமும் இல்லாமல், நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தையே களமாகக் கொள்வது யதார்த்த நாடகம். இதில் பெண்ணின் விழிப்புக்கு முன்னோடி, நார்வே நாட்டு இப்சனின் 'பொம்மை வீடு'. 1879-ல் கோபன்ஹேகனில் அரங்கேறியது. கணவன் உயிரைக் காக்கத் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கியவள் நோரா. உண்மை வெளிப்பட்டதும் கணவன் தன் மானத்தைப் பற்றியே பதறுகிறான். தான் இதுவரை பொம்மையாகவே இருந்தோம் என்று உணர்ந்து, அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். ஜெர்மானிய நடிகை ஒருவர் குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்ததால், நோரா வீட்டிலேயே தங்கும்படி வேறொரு முடிவையும் இப்சன் எழுத நேர்ந்தது. ஒரு கதவு சாத்தப்படும் ஓசை அன்று அவ்வளவு பேரைக் கலங்க வைத்தது!

சாவித்திரியோ சம்பாதிக்கிறாள். தொழிலில் நொடித்துப் போன கணவன் மகேந்திரநாத், வேலையற்ற மகன் அசோக், வீட்டைவிட்டு ஓடி மணந்தும் மகிழ்ச்சியில்லாமல் திரும்பும் மூத்த மகள் பின்னி, அடங்காத இளையவள் கின்னி. குடும்பமே அவள் சம்பளத்தில் நடக்கிறது. மகனுக்கு வேலை கிடைக்குமென்று மேலதிகாரி சிங்கானியாவை வீட்டுக்கு அழைத்து உபசரிக்கிறாள்; வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். முடிவில் பழைய நண்பன் ஜக்மோகனுடன் போய்விடத் துணிகிறாள். அவன் நழுவிவிட, திரும்பி வருகிறாள். கணவனின் நண்பர் ஜுனேஜா அவளைக் குற்றம் சாட்டுகிறார்: யாரை மணந்திருந்தாலும் அவனையும் குறையுள்ளவன் என்றே நினைத்திருப்பாய் என்கிறார். கணவன், சிங்கானியா, ஜக்மோகன், ஜுனேஜா ஆகிய எல்லோரையும் ஒரே நடிகர் ஏற்க வேண்டும் என்பது ஆசிரியர் வகுத்த முறை.

ஜுனேஜாவின் பேச்சையே நாடகத்தின் தீர்ப்பாகக் கொள்பவர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முழுமையான ஆணைத் தேடியவரை சாவித்திரிக்கு விடுதலை இல்லை. நோரா எவன் துணையையும் நாடாமல் படியிறங்கினாள். சாவித்திரி ஒருவனைப் பிடித்துக்கொண்டே வெளியேற நினைத்தாள். சம்பளம் மட்டும் ஒரு பெண்ணை விழிக்கச் செய்துவிடாது என்பது இங்கே தெளிவாகிறது. ஆனால் அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் உண்டு: அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? அவள் உழைப்பை எல்லோரும் உண்கிறார்கள். அவள் குறையை மட்டும் எண்ணுகிறார்கள். புராணத்துச் சாவித்திரி கணவனை மீட்டாள். இந்தச் சாவித்திரியை மீட்க வருபவர் யாருமில்லை. அதை அவள் கண்டுகொள்வதுதான் விழிப்பு என்பேன். வெளியேறுவது அதற்குப் பின் வரும் செயல்.

பின்னியையும் மறக்கலாகாது. பிறந்த வீட்டிலிருந்து இன்னதென்று தெரியாத ஏதோ ஒன்றைத் தன்னோடு கொண்டுபோனதாக அவள் தவிக்கிறாள். பெற்றோர் பேசாமல் புதைத்த கசப்பு மகளின் இல்லறத்தில் முளைக்கிறது.

வீட்டில் கூடிப் பேச மூன்று கேள்விகள்:

1. ஆண் பாத்திரங்களை ஒரே நடிகர் ஏற்பது, எல்லா ஆண்களும் ஒன்றே என்பதற்கா? சாவித்திரியின் பார்வையைக் காட்டவா?

2. ஜக்மோகன் சம்மதித்திருந்தால் அவள் விடுதலை பெற்றிருப்பாளா?

3. நம் வீட்டில் அம்மா இறுதியாகத் தனக்கென்று கேட்டது எது?

மூன்றாவதற்கு விடையை நாடகத்தில் தேட வேண்டாம். அம்மாவிடமே கேளுங்கள்.