பழைய ஃபைபர் படகு வாங்கினால்...

புதுச்சேரியில், சாரத்தில் வீடு, தேங்காய்த்திட்டில் படகு என்றிருப்பவர்கள் கவனத்துக்கு: பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். மோட்டார் மாட்டும் பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். ‘டக்’கென்றால் சரி, ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்டால் உள்ளேயுள்ள பிளைவுட் ஊறி உளுத்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே பூசி மறைப்பது வீண் செலவு. பிரித்து, காயவைத்து, புதுப் பலகை வைத்துத்தான் ஃபைபர் போட வேண்டும். மழை நாளில் ரெசின் வேலையே வேண்டாம்.

உப்புத்தண்ணீரில் ஓடி வந்ததும் அவுட்போர்டு மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் விட்டுச் சில நிமிடம் ஓட்டுங்கள். ஓடும்போது தண்ணீர் பீய்ச்சவில்லையா? உடனே நிறுத்துங்கள்; இம்பெல்லர் தேய்ந்திருக்கும், இல்லையேல் உப்பு அடைத்திருக்கும். கியர் ஆயில் மோர் நிறத்தில் வந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. அடியிலுள்ள துத்தநாகக் கட்டி, மற்ற உலோகத்தைக் காக்கத் தான் கரைவதற்கென்றே இருப்பது. அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டாங்கில் விடக் கூடாது.

பழுது வேலையை மார்ச்சுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; மெக்கானிக்கும் ஃபைபர் ஆளும் அந்தப் படகுகளின் பழுது வேலைக்குப் போய்விட்டால் உங்கள் ஒற்றைப் படகை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?