பழி முழுவதும் தமிழுக்கு அன்று

அன்புள்ள மருமகளுக்கு,

ஆங்கிலம் எழுதும் தமிழ் மாணவரின் இலக்கணப் பிழைகளையெல்லாம் ‘தமிழில் நினைத்து எழுதுவதன் விளைவு’ என்று ஒரே தொடரில் முடித்துவிடும் வழக்கம் வகுப்பறைகளில் உண்டு. அது பாதி உண்மையே. தாய்மொழியின் அமைப்பு புதிய மொழிக்குள் புகுவதை மொழியியலார் குறுக்கீடு என்பர். இரு மொழிகளையும் ஒப்பிட்டால் இடர் தரும் இடங்களை முன்னறியலாம் என்று ராபர்ட் லாடோ 1957இல் வாதிட்டார். பத்தாண்டுகளுக்குப் பின் எஸ். பிட் கோர்டர், கற்பவர் தமக்குள் கட்டிவரும் விதிகளுக்குப் பிழையே சான்று என்று விளக்கியபோது பார்வை மாறியது.

‘ஐ ஆம் நோவிங்’ என்பதை எடுத்துக்கொண்டால், ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று தமிழர் எவரும் சொல்வதில்லை. ‘ஐ ஆம் ஈட்டிங்’ என்று பழகிய வாய், செயலைக் குறிக்காது நிலையைக் குறிக்கும் வினைக்கும் அதே வாய்பாட்டை நீட்டுகிறது. கற்ற விதியை எல்லை கடந்து செலுத்தும் இதற்கு மிகைப் பொதுமையாக்கம் என்று பெயர். மாறாக, ‘ஹி இஸ் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பது ‘இரண்டு வருடமாக இங்கே இருக்கிறான்’ என்பதன் நேர்நிழல். தமிழுக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலமோ ‘ஹேஸ் பீன்’ என்பதைக் கேட்பதோடு, தொடங்கிய நேரத்துக்குச் ‘சின்ஸ்’, நீடித்த அளவுக்கு ‘ஃபார்’ என்றும் பிரிக்கிறது. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் தமிழின் ‘பற்றி’யும் ஆங்கிலத்தின் ‘டாக் அபவுட்’டும் சேர்ந்தே குற்றவாளிகள்.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘ஏ’, ‘தி’ தமிழில் இல்லாமையால் கற்பவர் அவற்றை விட்டுவிடுகின்றனர் என்பர். ஆயினும் அவை உணர்த்தும் வேறுபாடு தமிழருக்குப் புதிதன்று. ‘புத்தகம் வாங்கினாள்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினாள்’ என்றால் சொல்பவரும் கேட்பவரும் முன்பே அறிந்த புத்தகம். முன்னதற்கு ‘ஏ’, பின்னதற்கு ‘தி’. ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு மனிதரைக் குறிக்கும் பெயர்களில் எப்படியும் வருவதாலும், எழுவாயில் வாராமையாலும், இவ்வழி எல்லா இடங்களுக்கும் பொருந்தாது; எனினும் உயிரற்ற செயப்படுபொருளின் முன் தயங்குபவர் அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது, விதிப்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும்.

‘ஷி கோ’ என்பதற்கோ தமிழைக் குறை கூறவே இயலாது. ஒவ்வோர் இடத்துக்கும் தனி விகுதி கொண்ட மொழியைப் பேசுபவரே ஆங்கிலத்தின் ஒற்றை ‘எஸ்’ஸைத் தவறவிடுகின்றனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெறும் குழந்தைகளுக்கும் அது ‘இங்’ விகுதிக்கு மிகப் பிந்தியே கைவருவதை ரோஜர் பிரவுனின் 1973ஆம் ஆண்டு நூல் காட்டியது. விதி தெரிந்தும் விடுபடுவதாகையால் மறுபடி விதியைப் படிப்பதால் பயனில்லை. எழுதி முடித்தபின் ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ ஆகியவற்றை அடுத்த வினைகளை மட்டும் பார்த்துச் செல்லும் தனி வாசிப்பு ஒன்று வேண்டும்.

அன்புடன்,
மாமா